ஆற்றுக்கு மேலே என்ன, கீழே என்ன?

ஆற்றுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை ஒன்றைக் கேட்டால், "டேம்ல இருந்து" என்று பதில் வர வாய்ப்பு உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைத் தவறான பதில் என்று சொல்லிவிட முடியாது. "பாபநாசத்துல தண்ணி தொறந்துட்டாங்களாம்" என்று வீட்டில் பெரியவர்கள் பேசுவதை அது கேட்டு வளர்கிறது. திறந்தால் வருகிறது, மூடினால் குறைகிறது. ஆறு என்பது அதன் மனத்தில் ஒரு பெரிய குழாய்.

ஆற்றுப் பாடத்தைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. டேமுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அதற்கும் மேலே என்ன இருக்கிறது? நம் ஊர்ப் படித்துறையைத் தாண்டிப் போன தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது, யார் வீட்டுக்குப் போகிறது? மேலே என்ன, கீழே என்ன என்ற இந்த இரண்டு கேள்விகளையும் தானாகவே கேட்கப் பழகிய பிள்ளைக்கு ஆறு புரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன் பிறகு நதிகளின் பெயரும் நீளமும் மனத்தில் நிற்பது பெரிய வேலையாக இருக்காது.

நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். பெயரும் நீளமும் முதலில் வருகின்றன. வடக்கே பாயும் நதிகள், தெற்கே பாயும் நதிகள், எது எங்கே பிறக்கிறது, எதில் கலக்கிறது, கோடிட்ட இடத்தை நிரப்புக. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் சூழ்நிலையியல் என்று ஒரே பாடமாக இருப்பது மூன்றாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரிகிறது. அதோடு ஆறும் பிரிந்துபோகிறது. நீராவி, மேகம், மழை எல்லாம் அறிவியல் புத்தகத்தில்; நதியும் அணையும் சமூக அறிவியலில்; ஆற்றைப் பற்றிய பாட்டு தமிழ்ப் புத்தகத்தில். மூன்றையும் ஒன்றாகச் சேர்க்கும் வேலை எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் கழகம் வெளியிட்ட நான்காம் வகுப்புச் சூழ்நிலையியல் புத்தகத்தில் ஓர் ஆற்றின் பயணத்தையே படமாகக் காட்டி, தொடக்கத்தில் தெளிவாக இருந்த தண்ணீர் போகப் போக ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்கும் பாடம் ஒன்று இருந்தது. நல்ல முயற்சி. ஆனால் அது ஊர் பேர் இல்லாத ஆறு. பிள்ளைக்குத் தெரிந்த ஆற்றையே பாடமாக்கினால் அந்தக் கேள்வியின் வலு பல மடங்கு கூடும்.

அதற்கு ஏற்ற ஆறு ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. கங்கையையோ காவிரியையோ ஒரு பிள்ளை முழுவதுமாகப் பார்த்துவிட முடியாது. தாமிரபரணியைப் பார்க்கலாம். பொதிகை மலையில் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மலை, அருவி, அணை, அணைக்கட்டு, வாய்க்கால், குளம், நகரம், கழிமுகம் என்று ஆற்றுப் பாடத்தில் வர வேண்டிய எல்லாமே இந்த 128 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா நதி, பச்சையாறு, சிற்றாறு என்று துணையாறுகள் வரிசையாக வந்து சேர்வதையும் காட்டலாம். அதிகாலையில் பாபநாசத்தில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் கழிமுகத்தில் நிற்கலாம். இப்படி முழுசாகக் கைக்குள் அடங்கும் வற்றாத ஆறு வேறு எத்தனை மாவட்டங்களுக்கு வாய்த்திருக்கிறது?

முதலில் சரிவு. தண்ணீர் ஏன் ஓடுகிறது என்பதைத் தொடாமல் ஆற்றைச் சொல்லித்தர முடியாது. பிள்ளைகளுக்கு இங்கே ஒரு குழப்பம் வருவது இயல்பு. சுவரில் தொங்கும் வரைபடத்தில் மேலே இருப்பது வடக்கு, கீழே இருப்பது தெற்கு. தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடும். ஆகவே எல்லா ஆறும் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உலகெங்கும் ஆசிரியர்கள் எதிர்கொள்ளும் குழப்பம் இது. நைல் நதி வடக்கு நோக்கி ஓடுகிறது என்றால் "அது எப்படி டீச்சர் மேல ஏறும்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. காகிதத்தின் மேல்பக்கமும் நிலத்தின் மேடும் வேறு வேறு என்பதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். கையால் காட்டலாம்.

அதற்கு வேண்டியது ஒரு நீளமான தட்டும் கொஞ்சம் மணலும்தான். பெரிய பிளாஸ்டிக் டிரே போதும். ஈர மணலை முக்கால் பாகத்துக்குப் பரப்பி, மணல் இருக்கும் தலைப்பில் ஒரு செங்கல்லை அண்டைக் கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் விட்ட காலியிடம் கடல். தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மேட்டில் மெதுவாக ஊற்றினால் முதலில் எதுவும் நடக்காது. தண்ணீர் மணலுக்குள் இறங்கிக் காணாமல் போகும். பிள்ளைகள் சலித்துக்கொள்ளும் அந்த ஒரு நிமிடம் முக்கியமானது. மழை பெய்த உடனே ஆறு ஓடுவதில்லை, மண் குடித்தது போக மிச்சம்தான் ஓடுகிறது என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு மெல்லிய கோடு ஒன்று கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். சிறு கூழாங்கல் குறுக்கே இருந்தால் ஒதுங்கி வளையும். வளைவின் வெளிப்பக்கக் கரை சரிந்து விழும். உள்பக்கத்தில் மணல் சேரும். கடலைத் தொடும் இடத்தில் வேகம் குறைந்து, தூக்கி வந்த மணலை விசிறி போலப் பரப்பிவிட்டு நிற்கும். மேடு, பள்ளம், அரிப்பு, படிவு, வளைவு, டெல்டா எல்லாம் கால் மணி நேரத்தில் வந்துவிடும். இதில் ஆசிரியர் வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினமான பகுதி. பெயர்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். பிள்ளைகள் தங்கள் சொல்லில் விவரித்து முடித்த பிறகு.

அதே தட்டில் இன்னொன்றும் செய்யலாம். ஆற்றின் நடுவே ஒரு ஸ்பூன் மணலை அள்ளிக் குழி பறித்துவிட்டு மறுபடி தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் குழிக்குள் விழும் இடத்தில் விளிம்பு இடியும். இடிந்த விளிம்பு மேல்நோக்கி நகரும். குழி தோண்டிய இடத்தோடு சேதம் நிற்காமல், மேலே இருக்கும் படுகையையும் அது தின்றுகொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆற்று மணலை அள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. மணல் நிறைந்த கண்ணாடி டம்ளரில் மெல்லத் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்கச் சொன்னால் பாடம் முழுமையாகும். டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீரை மணல் வாங்கிக்கொள்ளும். ஆற்றோரக் கிணறுகள் கோடையிலும் ஊறிக்கொண்டிருந்ததன் காரணம் அங்கே இருக்கிறது. தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010ல் தடை விதித்ததை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்போது சொன்னால் அது வெறும் செய்தியாக இருக்காது.

தட்டில் பார்த்த சரிவை நிலத்திலும் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. தென்காசியிலிருந்து திருநெல்வேலி வழியாகத் திருச்செந்தூருக்குப் போகும் ரயில் பாதை, அம்பாசமுத்திரம் தொடங்கிக் கீழே பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே போகிறது. ஒவ்வொரு நிலையத்தின் மஞ்சள் பலகையிலும் கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் எழுதியிருக்கும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று பலகைகளைப் பார்த்து எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால், எண் குறைந்துகொண்டே வருவது தெரியும். திருநெல்வேலி கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 50 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. 1,700 மீட்டரில் புறப்பட்ட ஆறு, தன் உயரத்தில் பெரும்பகுதியை மலையிலேயே இறங்கித் தீர்த்துவிட்டது. பாணதீர்த்தத்திலும் பாபநாசத்திலும் அருவியாக விழுவதும், ஏரல் பக்கத்தில் அகலமாகச் சோம்பிக் கிடப்பதும் ஒரே ஆறா என்ற வியப்புக்கு அந்த எண்களே பதில் சொல்லும்.

வேகத்தையும் பிள்ளைகளே அளக்கலாம். கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் வாய்க்கால் போதும். ஆழமான ஆற்றுக்குப் போக வேண்டாம். கரையோரம் 10 மீட்டர் கயிற்றை நீட்டி, மேல் தலைப்பில் ஒரு வேப்பிலையைப் போட்டு, கீழ்த் தலைப்புக்கு வர எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். 20 விநாடி என்றால் விநாடிக்கு அரை மீட்டர். அதே வேகத்தில் நிற்காமல் போனால் பொதிகையிலிருந்து கடலுக்கு எத்தனை நாள் ஆகும்? கணக்குப் போட்டால் 71 மணி நேரம், அதாவது மூன்று நாள் என்று வரும். உண்மையில் அந்த இலை அவ்வளவு சுலபமாகப் போய்ச் சேராது. குறுக்கே அணைகளும் அணைக்கட்டுகளும் நிற்கின்றன.

அந்த அணைக்கட்டுகள்தான் நெல்லைச் சீமைப் பாடத்தின் நடுப்பகுதி. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள் சுமார் 86,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. பிள்ளைக்கு இந்த எண்ணை விட முக்கியம், தன் வீட்டு வயலுக்கோ பக்கத்து வீட்டு வயலுக்கோ வரும் தண்ணீர் எந்தக் கால்வாயைச் சேர்ந்தது என்பது. பாளையங்கால்வாயா, கோடகன் கால்வாயா, மருதூர் மேலக்காலா? இதைக் கண்டுபிடித்து வரச் சொன்னால் பிள்ளை கேட்க வேண்டிய ஆள் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறார். வயலுக்கு நீர்ப்பாய்ச்சும் தாத்தாவுக்கு எந்த மடை எந்தக் குளத்தில் திறக்கும், எந்த முறைக்கு யார் வயலுக்குத் தண்ணீர் போகும் என்பதெல்லாம் மனப்பாடம். அவரைப் பள்ளிக்கு அழைத்துவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிள்ளைகள் கேள்வி கேட்பதுபோல் ஒரு மணி நேரம் நடத்தினால் அந்த ஊரின் நீர் வரைபடமே கரும்பலகையில் வந்துவிடும்.

இங்கே நல்ல புதிர் ஒன்றும் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியில் மழை பெரிதாக இருக்காது, வெயிலும் காற்றும்தான். ஆனாலும் ஆற்றில் தண்ணீர் கூடுகிறது, கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவுகிறார்கள். ஊரில் மழை இல்லாமல் ஆற்றில் தண்ணீர் எப்படி? பிள்ளைகளை இரண்டு நாள் யோசிக்க விடலாம். அப்போது பெய்வது மலையில். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிப் பெய்கிறது. குற்றாலத்தில் சீசன் களைகட்டுவதும் அதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் பக்கமிருந்து வடகிழக்குப் பருவமழை வருகிறது. பிசானச் சாகுபடிக்கு அது. இரண்டு கடல்களின் மழையும் வந்து சேர்வதால்தான் இந்த ஆறு வற்றாமல் ஓடுகிறது. "ஆறெல்லாம் போய்ச் சேர்ந்தும் கடல் ஏன் ரொம்பி வழியல?" என்று ஒரு பிள்ளை கேட்குமானால், மேலே என்ன என்ற கேள்விக்கும் கீழே என்ன என்ற கேள்விக்கும் ஒரே பதில் வரும் இடத்துக்கு வகுப்பு வந்து சேர்ந்துவிட்டது. நீர்ச்சுழற்சியை அம்புக்குறி போட்டு விளக்க அதுவே சரியான நேரம். அதற்கு முன்னால் போட்டால் அம்புக்குறி மட்டும்தான் நினைவில் நிற்கும்.

இதோடு தினசரி வேலை ஒன்றையும் கொடுக்கலாம். நெல்லைப் பதிப்புச் செய்தித்தாள்களில் அணைகளின் நீர்மட்டம் வருகிறது. பாபநாசம் அணையின் மொத்த உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இன்று எத்தனை அடி, எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு திறக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் இருக்கும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை வெட்டி ஒட்டி, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து வந்தால், ஜூனிலிருந்து ஜனவரி வரை ஆற்றின் மூச்சு அந்தக் கோட்டில் தெரியும். பெருமழைக்குக் கோடு எழும்புவதையும், மழை ஓய்ந்தபின் இறங்குவதையும், தண்ணீர் திறந்த மறுநாள் தன் ஊர் வாய்க்காலில் என்ன மாற்றம் என்பதையும் பிள்ளை தானே பொருத்திப் பார்க்கும். கணக்குப் பாடத்துக்குத் தனியாக உதாரணம் தேட வேண்டியதில்லை. 2022ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு செயல்பாட்டு வழியில் பாடம் நடத்துவது ஆசிரியர்களுக்கு அன்றாட வேலையாகிவிட்டது. ஊர் ஆற்றை அந்தச் செயல்பாடுகளுக்குள் கொண்டுவருவது புதுச் சுமை ஆகாது.

மூன்று டப்பாக்கள் இன்னொரு பாடம். பாபநாசம் பக்கத்துக் கூழாங்கல் ஒன்றில், சேரன்மகாதேவி மணல் ஒன்றில், கழிமுகத்துச் சேறு ஒன்றில். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி எது மேலே, எது கீழே என்று சொல்ல வேண்டும். பிறகு மூன்றையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி ஜன்னலில் வைக்க வேண்டும். கல் உடனே அடியில் உட்காரும், மணல் அடுத்து. சேறு கலங்கியே நிற்கும். மறுநாள் காலையில்தான் மேலே மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். வேகம் இருக்கும்வரை சுமக்கிறது, வேகம் குறையக் குறைய இறக்கிவைக்கிறது. கனமானது முதலில், லேசானது கடைசியில்.

இந்த மெல்லிய படலம் என்ன செய்யும் என்று கேட்டால் கதை தொடங்குகிறது. கொற்கை பாண்டியர்களின் துறைமுகம். கிரேக்க, ரோமானியக் குறிப்புகளில் பெயர் வரும் அளவுக்கு முத்து வணிகம் நடந்த ஊர். இன்று அங்கே போய்க் கடலைத் தேடினால் கிடைக்காது. வாழையும் நெல்லும் குளமும்தான் இருக்கின்றன. கடல் 6, 7 கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. தள்ளியது தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல். கொற்கைக்குக் கப்பல் வர முடியாமல் போனபோது கடலுக்கு அருகே காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோபோலோ பேசும் துறைமுகம் அதுதான். அந்தக் காயலும் மேடேறிப் பழையகாயலாகி உள்ளே தங்கிவிட்டது. அதன் பிறகு முகத்துவாரத்தில் புன்னைக்காயல்; 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்து தங்கிய இடம். கடலை விரட்டிக்கொண்டு போன ஆற்றின் பின்னாலேயே துறைமுகமும் இரண்டு முறை இடம் மாறியிருக்கிறது. 1881ல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல் இதை விளக்கியிருக்கிறார். தட்டின் கடல் ஓரத்தில் விசிறியாகப் பரவிய மணலைப் பார்த்த பிள்ளைக்குக் கொற்கைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்ல வேண்டாம், அதுவே சொல்லிவிடும். அறிவியலும் வரலாறும் புவியியலும் ஒரு டிரே மணலில் சேர்ந்துகொள்கின்றன. கூடவே இந்த ஆற்றங்கரையில் அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூரையும் சேர்க்கலாம். சிவகளையில் கிடைத்த நெல்மணிகள் ஏறக்குறைய 3,200 ஆண்டுப் பழமையானவை என்று 2021ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டதையும் சொல்லலாம். அந்த நெல்லுக்குப் பாய்ந்ததும் இந்தத் தண்ணீர்தானே.

அழகான பகுதிகளை மட்டும் காட்டிவிட்டு வந்தால் பாடம் பொய்யாகிவிடும். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விடும் துணிகள் குவியல் குவியலாக அள்ளப்படுகின்றன. திருநெல்வேலி நகரத்தின் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது. பிள்ளைகள் இதையெல்லாம் ஏற்கெனவே பார்த்தவர்கள். ஆசிரியர் பேசாமல் விட்டால் இதெல்லாம் இயல்பு என்று எடுத்துக்கொள்வார்கள். "ஆற்றை அசுத்தம் செய்யாதீர்கள்" என்ற வாசகத்தைச் சுவரில் எழுதிவைப்பதால் மட்டும் எதுவும் நடக்காது. தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்பதைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஜப்பானில் 1984 முதல் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்மக்களும் சேர்ந்து ஆறுகளில் அப்படியொரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். கருவி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆழமில்லாத ஓடையில் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் உயிர்களைத் தட்டில் எடுத்துப் பார்த்து எண்ணுகிறார்கள். ஓடையில் சிறு நண்டு வகை இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் அழுக்கு. இப்படி நான்கு தரமாகப் பிரித்துவிடுகிறார்கள். தாமிரபரணிக் கரையிலும் இதைச் செய்ய முடியும். மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை சமூகம் சார்ந்த இயற்கை வள காப்பு மையம் 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. தன்னார்வலர்களைக் கொண்டு நடக்கும் இந்த வேலையில் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊர்மக்கள் பாதுகாத்ததால் 2005ல் அந்த இடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்த ஆற்றின் பெயரையே தன் அறிவியல் பெயரில் சுமக்கும் கெண்டை மீன் இனம் ஒன்றும் உண்டு. தங்கள் ஆற்றுக்கென்றே ஒரு மீன் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைகள் அதைத் தேடாமல் இருக்க மாட்டார்கள்.

ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போவதில் ஆபத்து உண்டு; அதை மறைக்கவும் கூடாது. பிள்ளைகளின் மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று நீரில் மூழ்குவது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருகிறது. ஆழமான மடுவான கசம் எங்கே இருக்கிறது, மணல் அள்ளிய பள்ளம் எங்கே, மலையில் மழை பெய்தால் ஊரில் வெயில் அடிக்கும்போதே தண்ணீர் எப்படி ஏறும், அணை திறக்கும்போது என்ன அறிவிப்பு வரும் என்பதெல்லாம் ஆற்றுப் பாடத்தின் உள்ளே இருக்க வேண்டியவை. பெரியவர் துணையில்லாமல் இறங்கக் கூடாது என்ற விதிக்குக் காரணமும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். மணல் தட்டில் வளைவின் வெளிக்கரை சரிவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கரையோரம் ஏன் நிற்கக் கூடாது என்பது விளங்கும்.

2023 டிசம்பர் 17, 18ல் பெய்த மழையைத் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டப் பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொள்ள, பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு ஆக்கிக் கொடுத்தார்கள். வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிள்ளைக்கு அது ஒரு பயம். அந்தப் பயத்தைப் பேச விட்டு, பிறகு வெள்ளத்தைப் புரியவைக்கும் வகுப்பு ஒன்று வேண்டும். தண்ணீர் வந்த உயரத்தைப் பள்ளிச் சுவரில் ஒரு கோடாக வரைந்து தேதி எழுதலாம். யார் வீட்டில் எவ்வளவு ஏறியது என்று ஊர் வரைபடத்தில் குறிக்கலாம். குறித்து முடித்தால் தாழ்ந்த நிலம் எது, பழைய ஓடை எந்தப் பக்கம் போனது, எந்தக் கட்டடம் அதன் குறுக்கே நிற்கிறது என்பது தானாகத் தெரியும்.

தாமிரபரணிக் கரையில் பிறக்காத பிள்ளைகள்தான் அதிகம். மதுரைப் பிள்ளைக்கு ஆறு என்றால் பெரும்பாலான நாட்களில் வெறும் மணல்வெளி. "தண்ணியே இல்லையே, இது எப்படி ஆறு?" என்ற கேள்வியிலிருந்தே அங்கே பாடம் தொடங்கலாம். வைகைக்கு மேலே என்ன என்று தேடிப்போனால் மலையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். மேற்கே ஓடும் பெரியாற்றின் தண்ணீர் 1895ல் கட்டி முடிக்கப்பட்ட அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வருகிறது. கீழே தேடிப்போனால் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நிற்கும். சென்னைப் பிள்ளைக்குக் கூவமும் அடையாறும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடங்கள். அடையாற்றின் முகத்துவாரத்துக்கு அருகே 58 ஏக்கரில் உருவாக்கப்பட்டு 2011ல் திறக்கப்பட்ட, தொல்காப்பியப் பூங்கா என்று அழைக்கப்படும் அடையாறு பூங்காவில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சதுப்பையும் பறவைகளையும் காட்டுகிறார்கள். கெட்டுப்போன இடம் திரும்பவும் உயிர்பெறும் என்பதை அங்கே நேரில் பார்க்க முடிகிறது. நகரத்துப் பாடத்துக்கு அந்தக் காட்சி மிகவும் தேவை. அழிவை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளை விலகிப்போய்விடும்.

ஆறே இல்லாத ஊர் என்று எதுவும் கிடையாது. வீட்டுக் குழாயைத் திறந்தால் ஏதோ ஓர் ஆறு வருகிறது. சென்னைக் குழாயில் கிருஷ்ணா நீரும், வீராணம் வழியாக வரும் காவிரி நீரும் கலந்திருக்கின்றன. சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் விருதுநகரிலும் குழாயில் வருவது தாமிரபரணி. சாத்தூர்ப் பிள்ளை ஒன்றிடம் பெரிய தாளைக் கொடுத்து, தன் வீட்டுக் குழாயிலிருந்து மேல்நோக்கிக் கோடு போடச் சொல்லலாம்: தெருக் குழாய், மேல்நிலைத் தொட்டி, நீரேற்று நிலையம், தாமிரபரணி, அணைக்கட்டுகள், அணை, பொதிகை. பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று இன்னொரு கோடு: சாக்கடை, ஓடை, ஊரை ஒட்டி ஓடும் வைப்பாறு. தாமிரபரணியில் வந்த தண்ணீர் வைப்பாற்றில் இறங்குகிறது. வைப்பாறு எங்கே போகிறது என்று பிள்ளை தேடினால், அதுவும் தூத்துக்குடி மாவட்டத்தைக் கடந்து அதே மன்னார் வளைகுடாவில், புன்னைக்காயலுக்கு வடக்கே போய்ச் சேருவது தெரியவரும்.